வடக்கு ஓரம்

என் வீட்டுக்காரர் குமரகுருபரனுக்கு யார் என்ன சொன்னாலும் காதில் ஏறாது. கோபத்தில் சொல்லவில்லை, கல்யாணமான நாளிலிருந்து பக்கத்தில் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வருஷம் முழுக்கச் சாதுவாக இருப்பார். தை பிறந்துவிட்டால் பச்சை வேட்டியைக் கட்டிக்கொண்டு, செருப்பை வாசலில் விட்டுவிட்டு, பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூருக்கு நடக்கக் கிளம்பிவிடுவார். வேண்டுதல் என்று எதுவும் கிடையாது. ஏன் போகிறீர்கள் என்று கேட்டால், "போணும்னு தோணுதுல்லா, போறேன்" என்பார்.

ஒரு வருஷம் அப்படிப் போனபோது, கருங்குளம் தாண்டி ஒரு வளைவில் லோடு லாரி ஒன்று அவரை உரசிவிட்டுப் போய்விட்டது. அந்த இடத்தில் லாரிகள் தாரின் விளிம்பு வரைக்கும் வரும். விளிம்புக்கு அப்பால் ஓர் ஆள் நிம்மதியாக நிற்க இடம் கிடையாது. சரளைக்கல், அதை விட்டால் சரிவு. மனிதர் சரளையில் விழுந்து முழங்கால் கிழிந்து, துண்டை எடுத்துச் சுற்றிக் கட்டிக்கொண்டு மிச்ச தூரத்தையும் நடந்து முடித்து, கடலில் குளித்து, சாமி கும்பிட்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, சாப்பிட உட்கார்ந்தபோதுதான் சொன்னார். அதுவும் வேட்டியில் ரத்தக்கறையை நான் பார்த்துவிட்டதால். அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் மாடி வீட்டுக்காரர்கள் என்னமோ ஏதோவென்று இறங்கி வந்துவிட்டார்கள்.

"இனிமே இந்த நடையெல்லாம் கூடாது" என்றேன்.

"சரி" என்றார்.

அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அடுத்த தையிலும் போவார் என்று அர்த்தம். அவரைத் தடுக்க என்னால் முடியாது. அவர் நடக்கிற ரோட்டை மாற்றுவதற்கு மட்டும் எனக்கு ஒரு வழி வந்து வாய்த்தது. ஏனென்றால் நான் ரோடு வரைகிறவள்.

என் பெயர் பிரம்மநாயகி. வண்ணாரப்பேட்டையில் ஒரு சின்ன கன்சல்டன்சியில் டிசைன் இன்ஜினியர். ரோடு வரைவது என்றால் பேப்பரும் பென்சிலும் இல்லை. கம்ப்யூட்டரில் முதலில் ரோட்டின் நடுக்கோட்டைப் போட வேண்டும். அந்தக் கோடு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று உயரம் கொடுக்க வேண்டும். பிறகு, ரோட்டைக் குறுக்கே வெட்டினால் எப்படித் தெரியுமோ அப்படி ஓர் அச்சு செய்ய வேண்டும்: நடுவில் தார், இரண்டு பக்கமும் ஷோல்டர், அதற்கு வெளியே சரிந்து போய்த் தரையில் முட்டுகிற மண். ஷோல்டர் என்பது தாருக்கும் சரிவுக்கும் நடுவில் இருக்கிற ஓரம். கான்ட்ராக்டர்கள் பெர்ம் என்பார்கள், மற்றவர்கள் ரோட்டோரம் என்பார்கள். அச்சை நடுக்கோட்டில் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால், முறுக்கு உழக்கிலிருந்து மாவு இறங்குகிற மாதிரி மொத்த ரோடும் நீளமாக இறங்கி வரும். அதற்கு காரிடார் என்று பெயர். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

என் வீட்டுக்காரர் விழுந்து எழுந்த அந்த வருஷமே, கருங்குளத்தை ஒட்டிய சில கிலோமீட்டரை அகலப்படுத்தும் வேலை எங்கள் ஆபீஸுக்கு வந்தது. அந்த வளைவும் அதற்குள் இருந்தது. கேட்டிருந்த விவரத்தில் ஒரு வரி: நடந்து போகிறவர்களுக்காக ஒரு பக்கம் மட்டும் அகலமான, தார் போட்ட ஷோல்டர் வேண்டும். ஒரு பக்கம் போதும்தான். செந்தூருக்குப் போகும்போதுதான் ஜனங்கள் நடப்பார்கள், திரும்புவது பஸ்ஸில். தென்காசியிலிருந்தும் சங்கரன்கோவிலிலிருந்தும் ராஜபாளையத்திலிருந்தும் வருகிற அத்தனை பேரும் ஒரே திசையில், ரோட்டின் இடது ஓரமாகவே போவார்கள். அந்த வரியை எழுதிச் சேர்த்த அதிகாரி யாரென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும்.

எங்கள் முதலாளி மகேஸ்வரன் சாரிடம் போய், இந்த வேலையை எனக்குத்தான் தர வேண்டும் என்று நின்றேன். காரணத்தையும் மறைக்காமல் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "அப்பம் வாத்தியாருக்கே தனியா ஒரு ரோடு போடுங்க" என்று ஃபைலைத் தள்ளிவிட்டார்.

சர்வே எடுத்தவர் நாறும்பூநாதன் அண்ணாச்சி. செந்தூரில் போய்க் கும்பிடாமல் எந்த வேலையையும் அவர் தொடங்க மாட்டார். இந்த வேலைக்கும் ஆட்களையும் கருவிகளையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு முதலில் செந்தூர் போனார். அர்ச்சனை செய்து, கருவி நிற்கிற முக்காலிக்கு இலை விபூதியைப் பூசி, திரும்பி வருகிற வழியில் வேலையைத் தொடங்கினார். எங்கள் பகுதியின் செந்தூர் முனையில் பூஜ்யத்தை வைத்து, திருநெல்வேலியைப் பார்த்து அளந்துகொண்டே வந்தார். இதில் தப்பு ஒன்றுமில்லை. எந்த முனையிலிருந்து வேண்டுமானாலும் அளக்கலாம். ஆபீஸில் வந்து அவர் சொல்லவும் செய்தார். அவர் கொண்டுவந்திருந்த சில்லுக்கருப்பட்டியில் இருந்த கவனம் அவர் சொன்னதில் எங்கள் யாருக்கும் இல்லை.

ஆகவே பூஜ்யம் திருநெல்வேலிப் பக்கம் என்றே நான் எடுத்துக்கொண்டேன். நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள். எங்களுக்கு எல்லா ரோடும் திருநெல்வேலியில்தான் தொடங்கும். மற்ற ஊர்கள் எல்லாம் அந்த ரோடுகள் போய்ச் சேருகிற இடங்கள். யாரும் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை, தாய்ப்பாலோடு உள்ளே போய்விட்ட சங்கதி. படமும் பூஜ்யம் இடது கைப்பக்கம் வரும்படி திருப்பி வைக்கப்பட்டிருந்தது. வடக்கைக் காட்டும் அம்பு மூலையில் கடுகளவில், கீழே பார்த்துக் கிடந்தது. நான் வேலை பார்த்த துண்டில் ஊர்ப்பெயர் எதுவும் இல்லை. வாழைத்தோட்டம், கால்வாய், சின்னப் பாலம், மறுபடியும் வாழைத்தோட்டம். அந்தப் பக்கத்தில் ரோட்டுக்கு இரண்டு புறமும் தாமிரபரணித் தண்ணீர் போகிற கால்வாய்கள் உண்டு. எது எந்தக் கால்வாய் என்று கோட்டை வைத்துச் சொல்ல முடியாது.

சாஃப்ட்வேருக்குக் கிழக்கும் மேற்கும் தெரியாது. பூஜ்யத்தில் நின்று கோடு போகிற பக்கம் பார்த்தால் எது இடது கையோ, அதுதான் அதற்கு இடது. நான் அந்த இடது பக்கம் அகல ஷோல்டரை வைத்தேன். அங்கே தடங்கலே இல்லை, காய்ந்த மேட்டு நிலம். ஷோல்டர் மெத்தையில் படுத்த மாதிரி உட்கார்ந்துகொண்டது. வலது பக்கம்தான் கால்வாய் ஒட்டிக்கொண்டு ஓடியது. அங்கே குறுகலாக விட்டேன். முருகனே பார்த்து இடம் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறான் என்று ஆபீஸில் பெருமையடித்துக்கொண்டேன். வீட்டிலும் போய்ச் சொன்னேன். அவர் "நல்லது" என்று சொல்லிவிட்டு விடைத்தாள் திருத்தப் போய்விட்டார்.

ஃபர்ஹத்தும் எங்கள் ஆபீஸ்தான், ஆனால் காயல்பட்டினத்தில் தன் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். அவள் வீட்டுக்காரர் யாசர் கத்தாரில் இருந்தார். நான் ரோட்டை வரைந்தால், மழைத்தண்ணீர் எங்கே தேங்கும், எங்கே வடியும் என்று அவள் பார்ப்பாள். கடைசியில் எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்ப்பாள். தினமும் போனில் பேச்சு, பாதி நாள் சண்டை. அப்படியும் அதுவரை அவளை நான் நேரில் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை மதியம் படங்கள் போக வேண்டும். சனிக்கிழமை காலையில் ஃபர்ஹத் கூப்பிட்டாள்.

"அக்கா, ஒங்க ரோட்டுல வண்டி ஓட்டிப் பாத்தேன்" என்றாள்.

காரிடார் தயாரானதும் அதன்மேல் காரில் போவது மாதிரி திரையிலேயே போய்ப் பார்க்கலாம். எனக்கு அதெல்லாம் விளையாட்டு என்று நினைப்பு. ஃபர்ஹத் ஒவ்வொரு ரோட்டிலும் கட்டாயம் போய்ப் பார்த்துவிடுவாள்.

"நல்லா இருக்கா?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நான் ஊர்ல இருந்து பாளையங்கோட்டைக்கு வர்ற பாதையால்லா இருக்கு. கால்வாய் எனக்கு வலது பக்கம் வருது. துணி தொவைக்கிற படி வருது, அதுவும் வலது பக்கம். அந்தப் படியெல்லாம் எனக்கு நல்லாத் தெரியும்."

"சரி, அதுக்கு என்ன?"

"அக்கா, நான் அங்கன வரும்போது செந்தூருக்கு நடக்கிறவங்க எனக்கு எதுத்தாப்புல வருவாங்க. எனக்கு வலது பக்கமா, கால்வாய் ஓரமா. நீங்க அகலத்த எனக்கு இடது பக்கம்லா வச்சிருக்கீங்க. அங்கன ஒருத்தரும் நடக்க மாட்டாங்களே."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இருபது வருஷமாக ரோடு வரைகிறவளிடம் இடது வலது சொல்லித் தருகிறாளே என்று. "நீ எதையாவது மாத்திப் பாத்திருப்ப" என்று சொல்லிக்கொண்டே படத்தின் மூலையைப் பெரிதாக்கினேன். அம்பு கீழே பார்த்து நின்றது. நான் தெற்கு என்று நினைத்ததெல்லாம் வடக்கு. நடப்பவர்களுக்கென்று நான் போட்டிருந்த ஓரம், அவர்கள் யாரும் கால்வைக்காத தெற்குப் பக்கம் கிடந்தது. அவர்கள் நடக்கிற வடக்குப் பக்கத்தை இருந்ததைவிடக் குறுக்கியிருந்தேன். ரோடு அகலமானால் வண்டிகளின் வேகம் கூடும். அந்த வளைவில், குறுகிப்போன ஓரத்தில், என் வீட்டுக்காரர் வெறுங்காலோடு நடப்பதை நினைத்தேன்.

"ஃபர்ஹத்" என்றேன்.

"சரி பண்ணிரலாம்க்கா. பைய பாப்போம்" என்றாள். அவள் குத்திக்காட்டியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்காது.

மகேஸ்வரன் சாரிடம் போனேன். அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அவருக்கே உரிய சமாதானத்துக்கு வந்தார்.

"இடது என்ன வலது என்னம்மா, அகலம் இருக்குல்லா? இங்கன நடக்கவும்னு ஒரு போர்டு வச்சிருவோம். எதுத்தாப்புல வர்ற வண்டியப் பாத்து நடக்கதுதான் நல்லதுன்னு புஸ்தகத்துலயே இருக்கு."

"சார், ராஜபாளையத்துல இருந்து இடது ஓரமாவே வர்றவன், நம்ம போர்டப் படிச்சிட்டு அந்தப் பக்கம் தாண்டி, நம்ம ரோடு முடிஞ்சதும் மறுபடி இந்தப் பக்கம் தாண்டுவானா? தாண்ட வச்சே நாலு பேரக் கொன்னுருவோம்."

"அப்பம் கால்வாய்க்குள்ள சொவரு எழுப்பணும். அதுக்கு அனுமதி வாங்கதுக்குள்ள நம்ம பேரன் பேத்தி கல்யாணம் ஆயிரும். மொத்த வேலையும் படுத்துக்கிடும்." அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "திங்கக்கெழம மத்தியானம் படம் போகணும். அதுக்குள்ள வேற வழி இருந்தாக் கொண்டாங்க. இல்லன்னா போர்டுதான்."

அவர் கெட்டவர் இல்லை. கெடுவுக்குப் பயந்தவர். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால், "பரவாயில்ல, நான் பாத்து நடந்துக்கிடுதேன்" என்பார். அதைக் கேட்கிற நிலைமையில் நான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஆபீஸைத் திறந்து உட்கார்ந்தேன். ஃபர்ஹத் அங்கே அவள் வீட்டில், நான் இங்கே. இரண்டு பேர் முன்னாலும் ஒரே திரை. அகல ஷோல்டரை வடக்குப் பக்கம் மாற்றி, பொத்தானை அழுத்தினேன். வந்து விழுந்த ரோட்டைப் பார்க்கவே சகிக்கவில்லை. ஷோல்டருக்கு வெளியே சரிகிற மண் முழுக்கக் கால்வாய்க்குள் போய் இறங்கியது. ஷோல்டரைக் குறைத்துப் பார்த்தோம். இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாத அளவுக்குப் போன பிறகும் மண் தண்ணீருக்குள்தான் நின்றது. சரிவைச் செங்குத்தாக்கிப் பார்த்தோம். முதல் மழைக்கே கரைந்துவிடும் என்று ஃபர்ஹத் சொன்னாள். மழைத்தண்ணீர் விஷயத்தில் அவள் பேச்சுக்கு நான் எதிர்ப்பேச்சு பேசுவதில்லை.

பதினோரு மணிவாக்கில் நான் நம்பிக்கையை விட்டுவிட்டேன். "ஒனக்கு எதுக்குட்டி ஞாயித்துக்கெழம அதுவுமா இந்தப் பாடு? நான் போர்டுன்னே குடுத்துருதேன்" என்றேன்.

அவளுக்குப் பின்னால் ஒரு குழந்தை எதற்கோ அழும் சத்தம் கேட்டது. யாரிடமோ "பாத்துவ வெளிய கூட்டிட்டுப் போங்க உம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"அக்கா, பாத்து பொறந்த கதைய ஒங்ககிட்ட சொல்லியிருக்கேனா?"

சொன்னதில்லை. அவள் மகளின் முழுப்பெயர் மைதீன் பாத்திமா, வீட்டில் பாத்து என்பது வரைக்கும்தான் எனக்குத் தெரியும்.

"தைப்பூசத்துக்கு மொத நாளு எனக்கு வலி எடுத்திட்டு. நாள் இன்னும் கெடக்குன்னு சொல்லியிருந்தாங்க. வலியோட ரத்தமும் போக ஆரம்பிச்சிட்டு. எங்க மச்சான் கத்தார்ல. நானும் உம்மாவும் கார்ல ஏறிட்டோம், பக்கத்து வீட்டு பீர் மைதீன் காக்காதான் ஓட்டுனாங்க. ஆழ்வார்திருநகரி வரைக்கும் வந்திட்டோம். அதுக்கு மேல ரோடு பூரா பச்ச. எதுத்தாப்புல கூட்டம், எங்களுக்கு முன்னால லாரி, பஸ்சு. இஞ்சு நகரல. கருங்குளத்துக்கிட்ட வந்து சுத்தமா நின்னுட்டு. உம்மா கண்ணாடிய எறக்கி அழுதிட்டாங்க. நடந்து வந்தவங்கள்ல ஒரு ஆளு எட்டிப் பாத்தாரு. பாத்திட்டு என்ன ஏதுன்னு ஒரு வார்த்த கேக்கல. திரும்பி, ஏலே ஒதுங்குங்க, புள்ளத்தாச்சின்னு சத்தம் போட்டாரு. அந்தச் சத்தம் அப்படியே பின்னால பின்னால போச்சிக்கா. அம்புட்டு பேரும் எறங்குனாங்க. எங்க எறங்க? ஒரு பக்கம் ரோடு, இன்னொரு பக்கம் கால்வாய். கால்வாய்க்குள்ளயே எறங்கிட்டாங்க. காவடிய தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சிக்கிட்டு இடுப்பளவு தண்ணியில நின்னாங்க. பொம்பளைங்க, சின்னப் பிள்ளைங்க எல்லாரும். அவங்க விட்ட எடத்துல எங்க காரு போச்சி."

நான் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

"கொஞ்சம் பிந்தியிருந்தா ரெண்டு பேருமே இருந்திருக்க மாட்டோம்னு டாக்டரம்மா சொன்னாங்க. அந்த ஆளு மொகம்கூட எனக்கு ஞாபகம் இல்ல. யாருக்குன்னு நன்றி சொல்ல? உம்மா இன்னும் தை மாசம் வந்தா அந்தப் பச்சத் துணிக்காரங்களுக்குன்னு துஆ கேப்பாங்க. நீங்க என்னடான்னா போர்டு வைக்கப் போறேங்கிய."

என் கண் நிறைந்துவிட்டது. அவள் குரலில் பிசிறே இல்லை. நான்தான் சேலைத் தலைப்பைத் தேடினேன். அந்தத் தண்ணீரில் நின்றவர்களை நினைத்துக்கொண்டே திரையைப் பார்த்தேன். அன்றைக்கு வண்டிக்காக நடக்கிறவர்கள் ஒதுங்கினார்கள். நானும் காலையிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். வண்டி ஓடுகிற தாரை இருந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு, நடக்கிறவர்களை எங்கே ஒதுக்கலாம் என்று கால்வாய்க்குள் இடம் தேடிக்கொண்டிருந்தேன்.

"ஃபர்ஹத், வண்டி ஒதுங்கட்டும்" என்றேன்.

"என்னக்கா?"

"நடுக்கோட்டத் தூக்கித் தெக்க போடுவோம். அந்தப் பக்கம்தான் காஞ்ச நெலம் சும்மா கெடக்கே. புதுசா வர்ற தாரு பூரா அங்கன போகட்டும். பழைய ரோட்டுல வடக்கு ஓரம் மிஞ்சும்லா, அது நடக்கவங்களுக்கு. கால்வாய்ல ஒரு கூட மண்ணு விழாது."

"பழைய தாரு வெறுங்காலுக்கும் நல்லது. கல்லு குத்தாது" என்றாள்.

வேலையை எளிதாகச் சொல்லிவிட்டேன். நடுக்கோடு நகர்ந்தால் எல்லாமே நகரும். உயரம் மாறும், வளைவில் ரோடு சாய்கிற சாய்வு மாறும், பாலத்தின் நீளம் மாறும், தண்ணீர் ஓடுகிற திசை மாறும். அகல ஷோல்டருக்கும் வண்டிப் பாதைக்கும் நடுவில் ஒரு கல்வரிசை வைத்தோம், லாரிக்காரன் ஆசைப்பட்டு ஏறிவிடாமல் இருக்க. பொத்தானை அழுத்தும்போதெல்லாம் எங்கேயாவது ஒன்று கிழிந்து நிற்கும். நான் ஒன்றைத் தைத்தால் அவள் இன்னொன்றைக் காட்டுவாள். வாய்க்கு வந்தபடி திட்டினேன். கம்ப்யூட்டரைத் திட்டினேன், சில்லுக்கருப்பட்டியைத் திட்டினேன், நாறும்பூநாதன் அண்ணாச்சியைப் பாதி திட்டிவிட்டு நிறுத்திக்கொண்டேன். அவர் செந்தூரிலிருந்து அளந்ததால்தானே ஃபர்ஹத்துக்கு அந்தப் பாதை தன் பாதையாகத் தெரிந்தது. பொழுது சாய்வதற்குள் காரிடார் ஒரு கிழிசலும் இல்லாமல் இறங்கி வந்தது. இந்த முறை நானே அதன்மேல் வண்டி ஓட்டிப் பார்த்தேன், இரண்டு திசையிலும்.

திங்கட்கிழமை மகேஸ்வரன் சார் படத்தை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் விரலால் தடவிப் பார்த்தார். "சொவரு இல்ல, அனுமதி இல்ல, போர்டும் இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "மன்னிச்சிருங்கம்மா, நான் அவசரப்பட்டேன்" என்றார். அப்படி ஒரு வார்த்தையை எந்த முதலாளி சொல்வார்? அவர்மேல் வைத்திருந்த கோபத்தை அன்றைக்கே இறக்கி வைத்தேன்.

படங்களைப் பரிசீலனை செய்தவர் பிரேமலதா என்கிற அதிகாரி, மதுரைக்காரர். கறாரானவர் என்று பெயர். ரோடு ஏன் ஒரே பக்கமாக நகர்ந்திருக்கிறது என்றுதான் முதலில் கேட்டார். சொன்னேன். நடந்து போகிறவர்கள் எந்தப் பக்கம் வருவார்கள் என்பதை யார் போய்ப் பார்த்தது என்று கேட்டார். "காயல்பட்டினத்துல எங்க ஃபர்ஹத்" என்றேன். அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. அகல ஷோல்டர் இருக்கிற பக்கத்தைப் பேனாவால் வட்டமிட்டு, எந்தக் காரணம் கொண்டும் இதைக் குறைக்கக் கூடாது என்று எழுதினார். அந்தப் பேனாவுக்கும் நான் கும்பிடு போட்டேன், மனசுக்குள்.

அடுத்த மாதம் ஃபர்ஹத் பாத்துவையும் கூட்டிக்கொண்டு ஆபீஸுக்கு வந்தாள். ஒரு சம்படத்தில் அவர்கள் ஊர் இனிப்பான வட்லாப்பத்தைக் கொண்டுவந்தாள். நாங்கள் சைவம் என்று முட்டை போடாமல் செய்தாளாம். முட்டை போடாவிட்டால் அது வட்லாப்பமே இல்லை என்றும் அவளே சொன்னாள். என்னவாக இருந்தால் என்ன, சம்படத்தை நான் வழித்துவிட்டேன். பாத்து என் நாற்காலியில் ஏறிச் சுற்றிக்கொண்டிருந்தாள். அந்தக் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டபோது, தண்ணீரில் இறங்கி நின்ற முகம் தெரியாத அத்தனை பேருக்கும் நானும் நன்றி சொல்லிக்கொண்டேன்.

ரோடு படத்திலிருந்து தரைக்கு வருவதற்கு அவசரப்படுவதில்லை. அடுத்த தை வந்தபோது அங்கே ஒரு ஜேசிபி மட்டும் வந்து நின்றது. அந்த வருஷமும் என் வீட்டுக்காரர் நடந்தார். கருங்குளம் தாண்டும்வரை என்னை லைனிலேயே வைத்திருந்தார். அது நான் போட்ட நிபந்தனை. லாரி போகிற சத்தம் ஒவ்வொன்றும் என் காதுக்குள்ளேயே போனது. அவர் "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். வளைவைத் தாண்டிவிட்டேன் என்று அவர் சொன்ன பிறகுதான் நான் போனைக் கீழே வைத்தேன்.

அதற்கு அடுத்த தைக்கு ரோடு முடிந்திருந்தது. அவர் விடியும் முன்பே கிளம்பிப் போனார். கருங்குளம் வந்ததும் கூப்பிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். புது ரோட்டில் முதல் முறையாக நடக்கிறார், எப்படி இருக்கிறது என்று அவர் வாயால் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பயமும் இருந்தது. திரையில் வளைகிறது வேறு, தரையில் வளைகிறது வேறு. காலையில் வேலையே ஓடவில்லை. போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். அவர் கருங்குளத்தைத் தொட்டிருக்க வேண்டிய நேரம் வந்தது, போனது. போன் வரவில்லை. நான் கூப்பிட்டால் எடுக்கவில்லை. சாப்பாட்டு வேளையும் கடந்தது. முழங்காலில் துண்டு கட்டிக்கொண்டு அவர் நடந்த கோலம்தான் கண்ணுக்குள் வந்து நின்றது.

ஒருவழியாக அவரே கூப்பிட்டார்.

"எங்க இருக்கீங்க?" என்று கத்தினேன். ஆபீஸே திரும்பிப் பார்த்தது.

"புதுக்குடி வந்திட்டோம். இங்கன ஒரு பந்தல்ல மோரு குடுக்காவ."

"கருங்குளம் வந்ததும் கூப்பிடச் சொன்னேம்லா?"

"கருங்குளமா? அது எப்பமோ தாண்டியாச்சே. தென்காசில இருந்து ஒரு வாத்தியார் கூட வாராரு. பத்தாங்கிளாஸ் கணக்குப் பரீட்சையப் பத்திப் பேசிக்கிட்டே சேந்து நடந்தோமா, எடம் வந்தது தெரியல."

"அந்த வளைவு?"

"தெரியலியே."

"லாரி?"

"போயிருக்கும். நான் கவனிக்கல."

"மோரக் குடிச்சிட்டு நடங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் நின்று அழுதேன். நன்றாக அழுதேன். மகேஸ்வரன் சார் எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கதவைச் சாத்திவிட்டுப் போனார். பிறகு ஃபர்ஹத்தைக் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதுமே அவள் பயந்துவிட்டாள்.

"அக்கா, அண்ணனுக்கு என்ன ஆச்சி?"

"ஒண்ணும் ஆகலட்டி" என்றேன். "அந்த எடம் வந்ததே அவருக்குத் தெரியல."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். அப்போதுதான் முதல் முறையாக அவள் குரல் உடைந்தது.